ரயிலில் ஏற்றவில்லை… மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்! ‘அவுட்சைடர்’ காமிக்ஸ் பிடிக்குமா? அப்போ சுப்ரமணிய சிவாவைத் தெரிஞ்சுக்கோங்க

சூப்பர் ஹீரோ என்றதும் ஞாபகம் வருவது பறக்கிற அங்கியும் இறுக்கமான சூட்டும்தான். ஆனால் காமிக்ஸை விடாமல் படிக்கிறவர்களிடம் பிடித்த ஹீரோ யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் பெரும்பாலும் வேற மாதிரி வரும். கை இழந்தவன், பேர் தெரியாத அகதிப் பெண், நினைவு அழிந்து கடற்கரையில் ஒதுங்கியவன், ஊரே பார்த்துப் பயப்படுகிற உடம்போடு வாழ்கிறவன். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய எக்ஸ்-மென் முதல் நம்ம ஊர் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி வரை, அதிகம் பேர் நெஞ்சில் நிற்பது இந்த மாதிரி ‘வெளியாள்’ ஹீரோக்கள்தான்.

இவர்களிடம் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. உலகம் இவர்களை வெளியே தள்ளுகிறது. அதற்குப் பிறகு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை.

இந்த மாதிரிக் கதை ஒன்று நிஜமாகவே நடந்து, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் போய் முடிந்திருக்கிறது. அதன் நாயகன் சுப்ரமணிய சிவா. பாடப் புத்தகத்தில் வ.உ.சி., பாரதி பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வரியில் வந்து போவாரே, அவர்தான். 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் பார்த்திருந்தால் வ.உ.சி.யாக சிவாஜி கணேசனையும், பாரதியாக எஸ்.வி.சுப்பையாவையும் மறந்திருக்க மாட்டீர்கள். கூடவே சிவாவாக வந்த டி.கே.சண்முகத்தையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். மூன்று பேரில் நாம் மூன்றாவதாகச் சொல்கிற பெயர் அது.

துணைப் பாத்திரமாகவே பார்த்துப் பழகிய ஒருவருக்குத் தனி இதழ் போட்டால் எப்படி இருக்கும்? அவர் வாழ்க்கையை ஐந்து அத்தியாயமாகப் பார்க்கலாம். முதல் நான்குக்கும் கூடவே படிக்க ஒரு காமிக்ஸ் பரிந்துரையும் உண்டு. ஐந்தாவதுக்கு ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

அத்தியாயம் 1: சோற்றுக்காக ஊர் மாறிய பையன்

1884 அக்டோபர் 4. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் வத்தலகுண்டில் பிறந்தார். அப்பா ராஜம் ஐயர், அம்மா நாகம்மாள். வீட்டில் வைத்த பெயர் சுப்பராமன். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திர’த்தை எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயரும் இதே ஊர்க்காரர்தான். பிற்காலத்தில் பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா என்று எழுத்தாளர்களாகத் தந்த ஊர் அது.

ஊருக்குப் பெயர் இருந்தது, வீட்டில் காசு இல்லை. மதுரையில் படிப்பைத் தொடங்கிய சுப்பராமன், குடும்பத்தின் வறுமையால் திருவனந்தபுரம் போக வேண்டியதாயிற்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இலவசமாகச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைகள் இருந்தன. அங்கே சாப்பிட்டுக்கொண்டே படித்தார். பிறகு கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் படிப்பு. 1899-இல், அதாவது 15 வயதைத் தொடும் முன்போ தொட்ட கையோடோ, மீனாட்சி என்ற பெண்ணோடு கல்யாணம். அந்தக் காலத்தில் அது சகஜம்.

அதன் பிறகு ஒரு வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? சிவகாசி போலீஸ் அலுவலகத்தில் எழுத்தர். அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை, வந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டார். பின்னாளில் போலீஸ் பின்தொடர்ந்து குறிப்பெடுத்த ஒரு மனிதர், தொடக்கத்தில் போலீஸ் அலுவலகத்தில் பேனா பிடித்தவர் என்பது சுவாரசியமான முரண். தமிழ் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் பிறந்த ஊர் அதே சிவகாசிதான்.

சுப்பராமன் எப்படி சுப்ரமணிய சிவா ஆனார்? சதாசிவம் என்ற துறவி வைத்த பெயர் அது என்று அவர் வரலாறு சொல்கிறது. அதிலிருந்து தமிழ்நாட்டுக்கு அவர் ‘சிவம்’, ‘சிவா’.

*கூடவே படிக்க: மாடஸ்டி பிளைசி.* பீட்டர் ஓ’டானல் எழுதி, ஜிம் ஹோல்டவே வரைந்து 1963-இல் பிரிட்டிஷ் நாளிதழில் தொடங்கிய தொடர். போர்க்கால அகதி முகாமிலிருந்து தப்பி நடக்க ஆரம்பித்த, குடும்பம் தெரியாத ஒரு சிறுமி. ஒரு வயதான பேராசிரியரை அவள் காப்பாற்ற, அவர் அவளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறார். பெயரே பிறகு வந்ததுதான். தமிழில் லயன் காமிக்ஸ் 1984-இல் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி இவர்தான். இடம் பெயர்ந்து, பெரியவர் ஒருவர் தந்த பெயரோடு புது ஆளாக நிற்பது எப்படி இருக்கும் என்பதை உணர இதைப் படிக்கலாம்.

அத்தியாயம் 2: வெளியேற்றிய சமஸ்தானம், கதவு திறந்த துறைமுகம்

1905-இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடு முழுக்கச் சுதேசி அலை. திருவனந்தபுரத்தில் இருந்த சிவா, ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு அரசியலுக்குள் இழுக்கப்பட்டார். தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கி, இளைஞர்களைக் கூட்டி வைத்துப் பேச ஆரம்பித்தார். சமஸ்தானம் பொறுத்துக்கொள்ளவில்லை. அவரை எல்லையை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது.

அவர் வாழ்க்கையின் முதல் அதிகாரபூர்வ ‘வெளியே போ’ இது. அவர் என்ன செய்தார்? வழியில் கூட்டம் கூடிய இடத்திலெல்லாம் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அது 1908-இன் தொடக்கம். அவருக்கு வயது 23.

தூத்துக்குடியில் அப்போது ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டிருந்தார். 35 வயது வக்கீலான வ.உ.சி., கையில் எதுவும் இல்லாமல் வந்த இந்த இளைஞருக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். வ.உ.சி. திட்டம் போடுவதில் கெட்டிக்காரர், சிவாவின் பலம் மேடை. இரண்டு பேரும் சேர்ந்து தூத்துக்குடி கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் போட்டார்கள்.

அந்தப் பேச்சுக்கு என்ன விளைவு? 1908 பிப்ரவரி 27-இல், பிரிட்டிஷ் முதலாளிகளின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வாராந்திர விடுமுறை கிடையாது என்பது அவர்கள் குறை. வேலை இல்லாத நாட்களில் தொழிலாளர்கள் பட்டினி கிடக்காமல் இருக்க ஊரே உதவியது. சுமார் ஒரு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் சம்மதித்தது. தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று இது. தொழிற்சங்கம் என்ற சொல்லே நம் ஊரில் பரவாத காலம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*கூடவே படிக்க: ஆஸ்டெரிக்ஸ்.* 1959-இல் ரெனே கோசினியும் ஆல்பர்ட் உடெர்சோவும் உருவாக்கியது. மொத்த நாட்டையும் ரோமானியர்கள் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கடற்கரைக் கிராமம் மட்டும் அடங்க மறுக்கிறது. ஹீரோ ஆஸ்டெரிக்ஸ் குள்ளமானவர், பார்த்தால் வீரன் என்று சொல்லவே மாட்டீர்கள். சிரித்துக்கொண்டே படிக்கலாம். இரண்டு கப்பலை வைத்துக்கொண்டு சாம்ராஜ்யத்தோடு மோதிய தூத்துக்குடி மனசுக்குள் வந்து போனால் ஆச்சரியம் இல்லை. ஒரே வித்தியாசம், அந்தக் கிராமத்திடம் மந்திர பானம் இருந்தது.

அத்தியாயம் 3: தீர்ப்பும் சிறையும்

மந்திர பானம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடின, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். ‘நெல்லை எழுச்சி’ என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

வழக்கு ராஜதுரோக வழக்கு. நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-இல் தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு நாடு கடத்தல். வ.உ.சி.க்கு ராஜதுரோகத்துக்காக 20 ஆண்டு. இதோடு முடியவில்லை. சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்தார் என்று சொல்லி வ.உ.சி.க்கு இன்னொரு 20 ஆண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போக்கிடம் இல்லாத ஒருவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டதையும் சாம்ராஜ்யம் தேசக் குற்றமாகக் கணக்கு வைத்தது. மேல்முறையீட்டில் இருவர் தண்டனையும் 6 ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கு இழுத்த கதை நமக்கு மனப்பாடம். சிவா திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார். அவருக்கு நடந்தது வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. சிறையில் இருந்த காலத்தில் அவருக்குத் தொழுநோய் வந்தது. 1912 நவம்பர் 2-இல் விடுதலையானபோது அவருக்கு 28 வயது. உள்ளே போனது நல்ல உடம்போடு, வெளியே வந்தது அந்தக் காலத்தில் மருந்தே இல்லாத ஒரு நோயோடு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம் தேவை. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. 1873-இலேயே நார்வே மருத்துவர் ஹான்சென் அதைக் கண்டுபிடித்துவிட்டார். சாபம், பாவம், பரம்பரை எல்லாம் காரணமே இல்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கு. தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, மாத்திரையால் முழுதாகக் குணமாகிற நோயாகிவிட்டது. ஆனால் சிவா வாழ்ந்த காலத்தில் கையில் இருந்தது நீரடிமுத்து எண்ணெய் போன்ற அரைகுறை சிகிச்சைதான். கூடவே 1898-ஆம் ஆண்டு தொழுநோயாளர் சட்டம் இருந்தது. நோயாளியைப் பிடித்து ஒதுக்கி வைக்க அது வழி செய்தது.

*கூடவே படிக்க: இரும்புக்கை மாயாவி.* பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய கதை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்து, ஒரு தலைமுறையையே காமிக்ஸ் பைத்தியமாக்கியது. ஆய்வகத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழக்கிறான், இரும்புக் கை பொருத்தப்படுகிறது. இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, அவன் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் தெரிகிறது. ஆரம்பத்தில் அவன் நல்லவனாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் மாறுகிறான். மனிதன் மறைந்துவிட, அவன் உடலின் காயம் மட்டும் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது. நோயோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தப் படம் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

அத்தியாயம் 4: ரயில் கதவு மூடியது, மாட்டு வண்டி கிளம்பியது

விடுதலையான சிவா சென்னைக்குப் போனார். மனிதர் ஓய்வெடுக்கவில்லை. 1913-இல் ‘ஞானபாநு’ என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த பாரதி அதில் எழுதினார். சிறையிலிருந்து வந்து வறுமையில் இருந்த வ.உ.சி.யும் எழுதினார். பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கிய ஆட்களுக்கு அது ஒரு திண்ணை மாதிரி இருந்தது.

ஞானபாநுவில் வந்த ஓர் அறிவிப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது. பிறமொழிக் கலப்பில்லாமல் தூய தமிழில் எழுதுகிறவருக்கு 5 ரூபாய் பரிசு. தனித்தமிழ் இயக்கம் பெரிதாக வளர்வதற்கு முன் வந்த சவால் அது. ‘பிரபஞ்ச மித்திரன்’ என்ற வார இதழையும் நடத்தினார். நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், மேடையேறி நடித்தும் காசு திரட்டினார். சென்னையில் தொழிலாளர் போராட்டங்கள் சூடுபிடித்தபோது அங்கேயும் போய் நின்றார். இத்தனைக்கும் நடுவே நோய் முற்றிக்கொண்டே வந்தது. மனைவி மீனாட்சியும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்.

பிறகுதான் அந்தப் பிரபலமான தடை. தொழுநோய் உள்ளவர் ரயிலில் பயணிக்கக் கூடாது என்ற விதியை அரசு அவர் மீது காட்டியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதை நிறுத்தவே இது பயன்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் புத்திசாலித்தனமான தடைதான். கைது செய்தால் கூட்டம் கூடும், ஊர் கொந்தளிக்கும். டிக்கெட் கொடுக்காவிட்டால் யார் போராடப் போகிறார்கள்?

சிவா புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டு, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிளம்பினார். பஸ் வசதி பரவாத காலம். ரயிலில் ஒரு ராத்திரியில் முடிகிற தூரத்துக்கு வண்டிப் பாதையில் பல நாள் ஆகும். விரலும் பாதமும் மரத்துப்போகிற நோய் அது, கல் குத்தினால்கூடத் தெரியாது. அப்படியும் போனார். போன இடத்தில் பேசினார். பெரிய ஸ்டேஷன் உள்ள ஊர்களோடு நின்றுவிடாமல், வண்டிப் பாதையில் இருந்த சின்னச் சின்ன ஊர்களையும் அவர் பார்த்தது இப்படித்தான்.

1921-இல் காவி உடுத்தி, சுதந்திரானந்தர் என்ற பெயர் வைத்துக்கொண்டார். துறவி ஆனாலும் பேச்சு மாறவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் கைது, இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை. உடல் நிலை மிக மோசமாக இருந்ததால் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள்.

*கூடவே படிக்க: பீமாயணா.* அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் கிராஃபிக் நாவல். 2011-இல் நவயானா வெளியிட்டது. ஸ்ரீவித்யா நடராஜன், எஸ்.ஆனந்த் எழுத்து, துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஓவியம். பரதான் கோண்டு பழங்குடி ஓவிய மரபில் வந்தவர்கள் அவர்கள். அதனால் வழக்கமான சதுரக் கட்டங்களே இருக்காது, பக்கம் முழுக்கக் கோடுகள் ஓடும். அதில் சிறுவன் பீம், 1901-இல் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் இறங்குகிறான். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டை அந்தச் சிறுவர்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு மாட்டு வண்டிகளையும் ஒன்றாகப் பார்க்கத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. அம்பேத்கர் பிறந்த நொடியிலிருந்தே ஒதுக்கப்பட்டவர். சிவா பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், சமஸ்தானத்தின் இலவசச் சாப்பாடு அவருக்குக் கிடைத்ததில் அந்தப் பிறப்புக்கும் பங்கு இருந்தது. நோய் வந்த பிறகுதான் கதவுகள் அவருக்கு மூடின. ‘வெளியாள்’ எல்லாரும் ஒரே மாதிரி வெளியாள் அல்ல. நல்ல காமிக்ஸ் இதைத் தெளிவாகச் சொல்லும், நாமும் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது.

அத்தியாயம் 5: பாப்பாரப்பட்டி

ஒகேனக்கல் ட்ரிப் போகிறவர்களுக்குப் பென்னாகரம் தெரிந்திருக்கும். அதே வட்டத்தில்தான் பாப்பாரப்பட்டி இருக்கிறது. சிவா காலத்தில் இந்தப் பகுதி சேலம் மாவட்டம், தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-இல்தான். துறைமுகம் கிடையாது, மில் கிடையாது, பத்திரிகை அலுவலகம் கிடையாது. தூத்துக்குடியும் சென்னையும் பார்த்த மனிதர் ஏன் இங்கே வந்தார்?

இங்கே நண்பர்கள் இருந்தார்கள், நிலம் கிடைத்தது. நோயாளி என்று தள்ளி வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஊர் என்பதும் முக்கியம். ஆசிரமம் அமைத்து, அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1923-இல் வங்கத்திலிருந்து வந்த தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். நாட்டின் முதல் வரிசைத் தலைவர்களில் ஒருவர் அன்றைய பாப்பாரப்பட்டி வரை வந்தார் என்றால், சிவாவின் பெயருக்கு அப்போது இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

தேசத்தைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் யோசனை எல்லாருக்கும் ஒப்பாது. அன்றைக்கும் ஒப்பாதவர்கள் இருந்தார்கள், இன்றைக்கும் விவாதம் உண்டு. சிவாவின் அரசியல் பேச்சில் மத உணர்வு அதிகம் கலந்திருந்தது உண்மை. அவர் செய்தது அத்தனையும் சரி என்று சொல்லித்தான் அவரை மதிக்க வேண்டும் என்று இல்லை. இரும்புக்கை மாயாவியை நாம் அப்படியா ரசித்தோம்?

கோயிலுக்குக் காசு வேண்டும். காசு திரட்டப் பயணம் போக வேண்டும். ரயில் கிடையாது. மறுபடியும் அதே மாட்டு வண்டி, அதே துணிக்கட்டு. 1925-இல் மதுரைப் பக்கம் போயிருந்தவர், உடம்பு முற்றிலும் தளர்ந்த நிலையில் ஜூலை மாதம் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். ஜூலை 23-இல் இறந்தார். வயது 40. அடிக்கல் நாட்டிய கோயில் அடிக்கல்லோடே நின்றது.

பிறகு என்ன ஆச்சு?

சிவாவின் நினைவாகப் பாப்பாரப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் கேட்ட பாரத மாதா கட்டடம், நினைவாலயமாக அங்கே எழுந்தது அடிக்கல் நாட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான். அரூர் பக்கம் கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் அவர் பெயர்தான். தர்மபுரிக்காரர்கள் பலருக்கு அவர் பெயர் தினமும் காதில் விழும். கரும்பு லோடு, பஸ் ரூட், ஆண்டு விழா மாலை என்று பழகிப்போன பெயராகிவிட்டது. பெயர் நிற்கிறது, கதைதான் பாதி மங்கிவிட்டது.

மங்கியதற்கு என்ன காரணம்? ஒன்று, வ.உ.சி.க்குக் கப்பல் இருக்கு, செக்கு இருக்கு. பாரதிக்குப் பாட்டும் தலைப்பாகையும் இருக்கு. ஒரே பார்வையில் மனசில் ஒட்டுகிற படங்கள் அவை. சிவாவுக்கு இருக்கும் படம் துணி சுற்றிய கை. அதைப் பார்க்க நாம் கூச்சப்படுகிறோம். நினைவு நாள் கட்டுரைகளில்கூட அவர் நோயைக் கொடிய நோய் என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

அந்தக் கூச்சம் 1925-ஓடு போய்விடவில்லை. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு நம் திருமணச் சட்டங்களில் 2019 வரை இருந்தது. மாத்திரையால் குணமாகிற நோய் என்று ஆகிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதை நீக்கினோம். தோலில் உணர்ச்சி இல்லாத வெளிர்ந்த தேமல் தெரிந்தால், இன்றைக்கும் பலர் டாக்டரிடம் போகாமல் மறைப்பது அந்தக் கூச்சத்தால்தான். சீக்கிரம் காட்டினால் ஊனமே இல்லாமல் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஒரு ஹீரோவின் கதையை நோயை மறைக்காமல் சொல்வதால், ஆஸ்பத்திரி வாசலில் தயங்கி நிற்கும் யாரோ ஒருவர் உள்ளே போகலாம்.

ஐந்தாவது காமிக்ஸ் எங்கே?

கடைசி அத்தியாயத்துக்குப் பரிந்துரை இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். பாப்பாரப்பட்டியின் மண்ணையும், அந்த வண்டித் தடத்தையும், கட்டாமல் நின்ற கோயிலையும் வேறு எந்தக் காமிக்ஸோடும் ஜோடி சேர்க்கத் தோன்றவில்லை. ஐந்தாவதாக நாங்கள் படிக்க ஆசைப்படுவது சிவாவின் கதையையே. கிராஃபிக் நாவல் வரைய வேண்டும் என்ற ஆசை உள்ள இளைஞர்கள் நம்ம ஊரில் ஏராளம். டேப்லெட்டும் பேனாவும் கையில் இருக்கு. கதையும் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கு.

வரையப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• முதல் பக்கத்தை மேடையில் தொடங்காதீர்கள், ஊட்டுப்புரை இலையில் தொடங்குங்கள். பசி தெரிந்த பையன்தான் பிறகு மில் தொழிலாளிக்காகப் பேசினான்.

• வ.உ.சி. வீட்டுக் கதவு திறக்கும் காட்சிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். அந்தக் கதவுக்கு விலை 20 ஆண்டு என்று வாசகருக்குப் பிறகு தெரியட்டும்.

• நோயை அழகுபடுத்தவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். துணிக்கட்டை அப்படியே வரையுங்கள்.

• ரயில் ஒரு கட்டத்தில் ஓடி மறையட்டும். மாட்டு வண்டிக்கு நிறைய கட்டங்கள் வேண்டும். அந்த மெதுவான வேகம் வாசகரின் விரலுக்கும் தெரிய வேண்டும்.

படிக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு மேலே சொன்ன நான்கே போதும், ஒரு மாத வாரக் கடைசிகள் ஓடிவிடும். லயன்-முத்து இதழ்கள் புத்தகக் காட்சிகளில் கிடைக்கும். ஆஸ்டெரிக்ஸும் பீமாயணாவும் ஆங்கிலத்தில் ஆன்லைனில் வாங்கலாம். வரிசை முக்கியம் இல்லை. நேரம் குறைவு என்றால் பீமாயணாவில் தொடங்குங்கள், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

அடுத்த முறை ஒகேனக்கல் போகும்போது கூகுள் மேப்பில் பாப்பாரப்பட்டியையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காரில் சுலபமாகப் போய்விடலாம். அந்த ஊரை எட்ட அந்த மனிதருக்கு எத்தனை நாள் ஆனது என்பதைப் போகிற வழியில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.